இதயத் தசையின் மயோசின்: எத்தனை தலைகள் வேலைக்கு வருகின்றன

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைச் சரிவில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் இருபது கிலோ மூட்டையைச் சுமந்துகொண்டு எடை போடும் இடத்துக்கு ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்திருந்தபோது அவருடைய இதயம் நிமிடத்துக்கு 70 தடவை துடித்தது. ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். மேட்டின் பாதியில் துடிப்பு 140-ஐத் தொடுகிறது. ஒவ்வொரு துடிப்பும் 100 மில்லிலிட்டரை நெருங்குகிறது. இப்போது கணக்கு 14 லிட்டர். மூட்டையை இறக்கிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்தால் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.

கால் தசையும் இதே ஏற்றத்தில்தான் கூடுதலாக வேலை செய்கிறது. ஆனால் அதற்கு ஒரு சுலப வழி உண்டு. அதுவரை சும்மா இருந்த தசை நார்களையும் மூளை நரம்பு வழியாக எழுப்பிக்கொள்ளும். இதயத்துக்கு அந்த வழி கிடையாது. இதயத் தசைச் செல்கள் ஒன்றோடொன்று மின்னால் இணைந்தவை. ஒன்று துடித்தால் எல்லாம் துடிக்கும், தூங்கும்போதும் அப்படித்தான், மலை ஏறும்போதும் அப்படித்தான். ஒதுக்கி வைத்த செல் என்று ஒன்றுகூட இல்லை. ஆகவே வலுவைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளேயே, ஒவ்வொரு துடிப்புக்குள்ளேயே நடந்தாக வேண்டும்.

அந்தக் கூட்டல் கழித்தல் எங்கே நடக்கிறது என்ற கேள்விக்கு நெடுங்காலமாகப் பாடப்புத்தகம் தந்த பதில் ‘கால்சியம்’ என்பது. அது பாதிப் பதில். மீதிப் பாதி, இழுக்கும் புரதமான மயோசினிடமே இருக்கிறது. இதயம் தன் மயோசினின் இழுக்கும் முனைகளான தலைகளில் பெரும்பாலானவற்றை மடக்கிக் கட்டி வைத்திருக்கிறது, தேவைக்கு ஏற்ப அவிழ்த்துவிடுகிறது. இதயத் தசை தடிக்கும் நோய், அதற்கு வந்திருக்கும் புதிய மருந்துகள், மலைக்கு வரும் சிலருக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்பது எல்லாமே இந்தக் கட்டி வைக்கும் ஏற்பாட்டோடு தொடர்புடையவை.

இழைகளும் தலைகளும்

இதயச் செல்லைத் திறந்து பார்த்தால் சார்கோமியர் என்ற சிறு அலகுகள் வரிசையாக நிற்கும். ஒன்றின் நீளம் 1.8 முதல் 2.2 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் முப்பதுக்கு மேல் அடங்கும். அதன் நடுவில் தடித்த இழை, 1.6 மைக்ரோமீட்டர் நீளம். இரு பக்கமிருந்தும் மெல்லிய இழைகள் அதன் இடையில் புகுந்திருக்கும். தடித்த இழை மயோசினால் ஆனது. மெல்லிய இழை ஆக்டின் மணிகளால் ஆனது. சுருங்கும்போது எந்த இழையும் குட்டையாவதில்லை. ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் செல்கிறது. 1954-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இதைக் காட்டின. இரண்டிலும் ஹக்ஸ்லி என்ற பெயர் கொண்டவர் ஒருவர் இருந்தார், இருவரும் உறவினர் அல்லர்.

ஒரு மயோசின் மூலக்கூறில் ஆறு புரதச் சங்கிலிகள். இரண்டு கனமானவை, ஒவ்வொன்றிலும் 1,935 அமினோ அமிலங்கள். நான்கு இலேசானவை. கனமான சங்கிலிகளின் வால்கள் கயிறு போல முறுக்கிக்கொண்டு இழையின் தண்டுக்குள் படுத்திருக்கும். தலைகள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தலைக்கும் வாலுக்கும் இடையில் உள்ள கழுத்துதான் நெம்புகோல். இலேசான சங்கிலிகள் அந்தக் கழுத்தைச் சுற்றி, அது தொய்ந்துவிடாமல் விறைப்பாக வைத்திருக்கின்றன. ஒரு தடித்த இழையில் இப்படி 300-க்குச் சற்றுக் குறைவான மயோசின்கள், அதாவது 600-க்குச் சற்றுக் குறைவான தலைகள். 14.3 நானோமீட்டருக்கு ஒரு அடுக்கு, அடுக்குக்கு மூன்று மயோசின், ஒவ்வோர் அடுக்கும் முந்தையதிலிருந்து சற்றுத் திரும்பி நிற்கும். மூன்று அடுக்கு சேர்ந்த 43 நானோமீட்டருக்கு ஒருமுறை அதே அமைப்பு திரும்ப வரும்.

மனித இதயத்தில் மயோசின் இரண்டு வகை. மேலறைகளில் பெரும்பாலும் ஆல்பா வகை, கீழறைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பீட்டா வகை. ஆல்பா வேகமானது, செல்லின் எரிபொருளான ஏடிபியை (ATP) தாராளமாகச் செலவழிக்கும். பீட்டா நிதானமானது, குறைந்த செலவில் நீண்ட நேரம் பிடித்திருக்கும். நிமிடத்துக்கு ஐந்நூறு அறுநூறு தடவை துடிக்கும் சுண்டெலியின் கீழறையில் ஆல்பாதான் அதிகம். அதனால்தான் எலியிடம் கிடைக்கும் மயோசின் அளவீடுகளை மனிதருக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது தவறாகிவிடுகிறது.

ஒரு தலையின் ஒரு சுற்று

மயோசின் ஆக்டினைப் பிடித்து இழுக்கும் விதத்தைப் புரிந்துகொள்ள நீலகிரிக்காரர்களுக்கு நல்ல உதாரணம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் மலை ரயில் கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் தொடங்கும். குன்னூர் வரை ஏறக்குறைய 12-க்கு 1 என்ற ஏற்றம். எஞ்சினின் அடியில் உள்ள பற்சக்கரம் அந்தப் பற்களைப் பிடித்து உந்திக்கொண்டு ஏறும். கூர்ந்து பார்த்தால் பட்டை ஒன்றல்ல, இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதின் பள்ளம் வரும்படி தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். ஒரு பல் விடுபடும் நேரத்தில் இன்னொரு பல் கட்டாயம் பிடியில் இருக்கும். ரயில் பின்னால் சரியாது.

தடித்த இழையின் அடுக்குகள் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பதில் இதே பயன் உண்டு. ஆக்டின் மணிகளின் இடைவெளியும் மயோசின் அடுக்குகளின் இடைவெளியும் ஒத்துப்போவதில்லை. அதனால் எல்லாத் தலைகளும் ஒரே கணத்தில் பிடிப்பதும் விடுவதும் நடக்காது. சில பிடித்திருக்கும்போது சில விடுபடும், இழுவை அறுபடாது. ஆனால் உதாரணம் இதற்கு மேல் செல்லாது. பற்சக்கரம் எப்போதும் பட்டையிலேயே பதிந்திருக்கும். மயோசின் தலை தன் சுற்றின் சிறு பகுதி நேரம்தான் ஆக்டினைப் பிடித்திருக்கும். மீதி நேரம் விட்டுவிட்டு அடுத்த பிடிக்கு ஆயத்தமாகும்.

சுற்று இப்படி நடக்கிறது. வேலை முடித்த தலை ஆக்டினை இறுகப் பிடித்தபடி நிற்கும். ஏடிபி மூலக்கூறு ஒன்று அதன் பையில் வந்து உட்கார்ந்ததும் பிடி நழுவும். பலரும் தலைகீழாக நினைத்திருக்கும் இடம் இது. ஏடிபி வந்து உட்காருவதன் முதல் பலன் பிடி விடுவதுதான், இழுப்பது அல்ல. அடுத்து ஏடிபி உடைந்து டைபாஸ்பேட்டும் தனிப் பாஸ்பேட்டுமாகப் பிரியும். இரண்டும் பையிலேயே தங்கியிருக்க, கழுத்து பின்னால் சாய்ந்து, நாண் ஏற்றிய வில் போல நிற்கும். இந்த நிலையில் தலை ஆக்டினை இலேசாகத் தொட்டுப் பார்க்கும். இடம் சரியாக அமைந்தால் பிடி இறுகும், பாஸ்பேட் வெளியேறும், கழுத்து முன்னால் அடிக்கும். அந்த ஒரே அடியில் ஆக்டின் இழை 5 முதல் 10 நானோமீட்டர் நகரும். விசை சில பைகோநியூட்டன். ஒரு பைகோநியூட்டன் என்பது ஒரு கிராம் எடையில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. கடைசியாக டைபாஸ்பேட்டும் வெளியேற, தலை மறுபடியும் வெறும் பையோடு இறுகப் பிடித்து நிற்கும். அடுத்த ஏடிபிக்குக் காத்திருக்கும்.

டைபாஸ்பேட் வெளியேறும் படியில் ஒரு நுட்பம் உண்டு. எதிர்ச் சுமை அதிகமானால் அது மெதுவாகத்தான் வெளியேறும், ஆகவே தலை கூடுதல் நேரம் பிடித்திருக்கும். ரத்த அழுத்தம் ஏறும்போது ஒரே நேரத்தில் பிடித்திருக்கும் தலைகளின் எண்ணிக்கை தானாகவே கூடுகிறது, வேகம் குறைகிறது. ஏற்றத்தில் லாரி கியரைக் குறைப்பது போன்ற இந்த வேலைக்கு நரம்போ ஹார்மோனோ தேவையில்லை. புரதத்தின் அமைப்பிலேயே அது இருக்கிறது.

செலவு எவ்வளவு என்றால், 300 கிராம் எடையுள்ள இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 6 கிலோ ஏடிபியை உடைத்து மறுபடியும் செய்துகொள்கிறது. கையிருப்பு பத்து வினாடி அளவுக்குத்தான். செலவில் பெரும்பங்கு மயோசினுடையது. ரத்தக் குழாய் அடைபட்டு ஏடிபி தீர்ந்துபோனால் தசை தொய்ந்துபோகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. முதலில் சுருக்கம் பலவீனமாகிறது, உண்மைதான். ஏடிபி முற்றாக வற்றும்போதோ தலைகளுக்குப் பிடியை விட வழியில்லாமல் போகிறது. தசை கல்லாக இறுகிவிடும். இறந்தவரின் உடல் விறைப்பதும் இதே காரணத்தால்தான்.

கால்சியம் செய்யும் பாதி வேலை

ஓய்வு நிலையில் தலைகள் ஆக்டினை அணுக முடியாது. ட்ரோபோமயோசின் என்ற நீண்ட புரதம் ஏழு ஆக்டின் மணிகளுக்கு ஒன்று வீதம் பிடிக்கும் இடங்களை மூடியபடி படுத்திருக்கும். அதை நகர்த்தும் கொண்டிதான் ட்ரோபோனின். மாரடைப்புச் சந்தேகத்தில் ரத்தத்தில் பார்க்கும் ட்ரோபோனின் இதுவேதான், செல் சிதையும்போது வெளியே கசிகிறது.

மின் அலை வந்ததும் செல்லின் மேற்பரப்பிலுள்ள வாசல்கள் திறந்து சிறிது கால்சியம் உள்ளே வரும். அந்தச் சிறிதளவே உள்ளேயுள்ள கால்சியக் கிடங்கைத் திறக்கும் சாவி. தளர்ந்த நிலையில் 100 நானோமோலார் அளவில் இருந்த கால்சியம் சில பத்து மில்லிவினாடிகளில் ஏறக்குறைய பத்து மடங்காகும். ட்ரோபோனினில் கால்சியம் உட்காரும், ட்ரோபோமயோசின் விலகும், பிடிக்கும் இடம் தெரியும். பிறகு கால்சியம் பம்புகளால் கிடங்குக்குத் திரும்ப, கதவு மூடும். இதயத்துக்குக் கால்சியம் இன்றியமையாதது என்பதை சிட்னி ரிங்கர் 1883-லேயே தவளை இதயத்தில் காட்டிவிட்டார். சாதாரணத் துடிப்பில் வரும் கால்சியம் எல்லா ட்ரோபோனினையும் நிரப்புவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மேலே ஏற இடம் வைத்தே இதயம் ஓடுகிறது.

கட்டி வைத்த தலைகள்

கதவு திறந்தால் போதுமா? உள்ளே நுழைய ஆள் ஆயத்தமாக இருக்க வேண்டுமே. இந்தக் கேள்வியைத்தான் 2010 வரை போதிய அளவு கேட்காமல் விட்டிருந்தார்கள்.

அந்த ஆண்டு ரோஜர் குக்கின் ஆய்வுக்கூடம் கை கால்களை அசைக்கும் எலும்புத் தசை தளர்ந்திருக்கும்போது அதில் மயோசின் எவ்வளவு வேகத்தில் ஏடிபியைச் செலவிடுகிறது என்று அளந்தது. தலைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து தெரிந்தன. ஒரு கூட்டம் அரை நிமிடத்துக்குள் ஒரு ஏடிபியை உடைத்தது. மற்றது சில நிமிடங்களுக்கு ஒன்றுதான் உடைத்தது. அடுத்த ஆண்டு இதயத் தசையிலும் அதே நிலை தெரிந்தது. இந்த இரண்டாம் கூட்டத்தின் நிலைக்கு மிகைத் தளர்வு என்று பெயர். இன்னொன்றும் தெரியவந்தது: எலும்புத் தசையில் சுருக்கம் தொடங்கியதும் எல்லாத் தலைகளும் விழித்துக்கொள்கின்றன, இதயத்தில் அப்படி இல்லை. துடித்துக்கொண்டிருக்கும்போதும் ஒரு பங்கு மடங்கியே கிடக்கிறது. இதயம் ஓய்வே எடுக்காத தசை என்கிறோம். தலைகள் கணக்கில் பார்த்தால், அது முறை வைத்து ஓய்வு கொடுக்கும் தசை.

மடங்கிய தலையின் உருவம் ஏற்கெனவே வேறு உயிர்களின் தசையில் தெரிந்திருந்தது. இரண்டு தலைகளும் தங்கள் வாலின் மேலேயே பின்பக்கமாகச் சாய்ந்து, ஒன்று மற்றதன் ஆக்டின் பிடிக்கும் பக்கத்தை மறைத்துக்கொண்டு படுத்திருக்கும். 2023-ல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் இதயத் தடித்த இழையின் முழு அமைப்பும் படமானது. 43 நானோமீட்டருக்குள் உள்ள மூன்று அடுக்குகளிலும் தலைகள் ஒரே மாதிரி கட்டப்பட்டிருக்கவில்லை. இரண்டு அடுக்குகள் ஒழுங்காகப் படுத்திருக்க, ஒன்று தளர்வாக இருக்கிறது. அவிழ்வதற்கு எளிதானவை, கடினமானவை என்று இழைக்குள்ளேயே தரம் பிரித்து வைத்திருப்பது போல இது தோன்றுகிறது.

அவிழ்ப்பது யார்? முதலாவது, இழுவிசையே. கால்சியம் கதவைத் திறந்ததும் ஏற்கெனவே விழித்திருக்கும் சில தலைகள் ஆக்டினைப் பிடித்து இழுக்கும். எதிரே சுமை இருந்தால் தடித்த இழை விறைக்கும். அந்த விறைப்பே பக்கத்தில் மடங்கிக் கிடப்பவற்றை அவிழ்க்கும். சுமை குறைவாக இருந்தால் மற்றவை எழுவதே இல்லை. 2015-ல் எலும்புத் தசையிலும் 2017-ல் இதயத் தசையிலும் எக்ஸ்-கதிர்ச் சிதறல் வழியே இதைக் காட்டினார்கள். எவ்வளவு வேலை இருக்கிறதோ அவ்வளவு ஆள் மட்டும், என்ற கணக்கு.

இரண்டாவது, மயோசின் பிணைப்புப் புரதம் சி. தடித்த இழையின் ஒவ்வொரு பாதியிலும் நடுப்பகுதியில், 43 நானோமீட்டருக்கு ஒன்றாக ஒன்பது வரிசையில் நிற்கும். ஒரு முனை தண்டில் பதிந்திருக்கும், மறுமுனை தலைகளையும் ஆக்டினையும் எட்டும். தலைகளைக் கட்டி வைக்கும் கயிறு இது. அட்ரினலின் வரும்போது இதன் மேல் பாஸ்பேட் ஏறுகிறது, கட்டு தளர்கிறது. மூன்றாவது, கழுத்தைச் சுற்றிய இலேசான சங்கிலிகளில் ஒன்றின் மேல் ஏறும் பாஸ்பேட். அது தலைகளைத் தண்டிலிருந்து சற்று வெளியே தள்ளும்.

மலை ரயிலில் எஞ்சின் ஒன்று மட்டும் ரயிலை ஆள்வதில்லை. ஒவ்வொரு பெட்டியின் முன்திட்டிலும் ஒரு பிரேக்காரர் நிற்பார். எஞ்சினின் விசில் கேட்டு, அவரவர் பெட்டியின் பிரேக்கை அவரவர் பிடிப்பார், விடுவார். கால்சியத்தை எஞ்சின் டிரைவர் என்றால், மடங்கிய தலைகளும் அவற்றைக் கட்டிய புரதமும் பெட்டிக்குப் பெட்டி நிற்கும் பிரேக்காரர்கள். டிரைவரை மட்டும் பார்த்துக்கொண்டு இதய நோய்களைப் புரிந்துகொள்ள முயன்றதில்தான் பல ஆண்டுகள் போயின.

தேயிலைச் சரிவில் ஏறும் பெண்ணுக்குத் திரும்புவோம். கால் தசைகள் பிழிந்து அனுப்பும் ரத்தம் இதயத்துக்கு அதிகம் திரும்பி வருகிறது, கீழறை கூடுதலாக விரிகிறது. விரிந்த தசை வலுவாகச் சுருங்கும் என்பது ஃபிராங்க், ஸ்டார்லிங் என்ற ஆய்வாளர்கள் காலத்திலிருந்தே தெரிந்த விதி. சார்கோமியர் நீளும்போது டைட்டின் என்ற சுருள்வில் புரதம் தடித்த இழையை இழுத்து விறைப்பாக்குகிறது, கட்டிய தலைகள் சில அவிழ்கின்றன, அதே கால்சியத்துக்குக் கூடுதல் விசை கிடைக்கிறது. அடுத்து அட்ரினலின். அது கால்சியத்தைக் கூட்டுகிறது, கயிற்றைத் தளர்த்துகிறது. தளர்வையும் வேகப்படுத்துகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். துடிப்பு 140 ஆனால் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 430 மில்லிவினாடிதான். அதற்குள் சுருங்கி, விட்டு, மறுபடியும் நிரம்ப வேண்டும். ட்ரோபோனின் கால்சியத்தைச் சீக்கிரம் விட வேண்டும், பம்புகள் விரைய வேண்டும், தலைகள் தாமதமின்றிப் பிடியை விட வேண்டும். இவற்றில் ஒன்று சுணங்கினாலும் கீழறை நிரம்பாது, ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்கும், மூச்சு வாங்கும்.

கட்டு தளர்ந்த இதயம்

இதயத் தசைத் தடிப்பு நோய் ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. உயர் ரத்த அழுத்தம் போன்ற வெளிக்காரணம் இல்லாமலேயே கீழறைச் சுவர், குறிப்பாக இரு கீழறைகளுக்கு இடைச் சுவர், 15 மில்லிமீட்டருக்கு மேல் தடித்துவிடும். 1990-ல் முதன்முதலாக இதற்குக் காரணமான மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது. அது பீட்டா மயோசினின் 403-ஆம் அமினோ அமிலத்தில் இருந்தது. காரணம் தெரிய வரும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் மாற்றம் இரண்டு மரபணுக்களில் ஒன்றில் இருக்கிறது: பீட்டா மயோசினுடையது, அல்லது அந்தக் கயிற்றுப் புரதத்தினுடையது.

முன்பு இது புதிராக இருந்தது. இழுக்கும் புரதம் பழுதானால் இதயம் பலவீனமாகத்தானே வேண்டும்? இந்த நோயாளிகளின் இதயமோ தேவைக்கு மேல் பலமாகச் சுருங்குகிறது, எக்கோ என்ற இதய ஸ்கேனில் வெளியேற்ற விகிதம், அதாவது நிரம்பிய கீழறை ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியேறும் பங்கு, 70 சதவீதம் கூடத் தெரியும். மடங்கிய தலைகளின் படம் கிடைத்த பிறகு பலவும் விளங்கின. நோய் தரும் மாற்றங்கள் பல, தலையும் தலையும், தலையும் வாலும் ஒட்டிக்கொள்ளும் பரப்புகளிலேயே விழுகின்றன. ஒட்டு விட்டுப்போகிறது. கயிற்றுப் புரதத்தின் மரபணு பழுதானால் கயிறே போதாமல் போகிறது. இரண்டிலும் விளைவு ஒன்று: மடங்கியிருக்க வேண்டிய தலைகள் விழித்திருக்கின்றன. சுருக்கம் மிகுகிறது, தளர்வு கெடுகிறது, ஏடிபி வீணாகிறது. எல்லா மாற்றங்களும் இந்த விளக்கத்துக்குள் அடங்கிவிடவில்லை, ஆனால் இதுவரை வந்த விளக்கங்களில் இதுவே வலுவானது.

தமிழ்நாட்டு வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. கயிற்றுப் புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வகை, இந்தியத் துணைக்கண்டத்தில் ஏறக்குறைய 100 பேரில் 4 பேரிடம் இருக்கிறது என்று 2009-ல் தெரியவந்தது. புரதத்தின் தண்டில் பதியும் முனை இதனால் மாறிவிடுகிறது. இதய நோயோடு இதைத் தொடர்புபடுத்திய அந்தக் கட்டுரை பெரும் கவனம் பெற்றது. 2020-ல் வந்த மறுஆய்வு அந்தப் படத்தைத் திருத்தியது. விடுபட்ட 25 எழுத்துகள் தனியாக இருந்தால் ஆபத்து அதிகமில்லை, மரபணுவின் அதே பிரதியில் இன்னோர் அரிய மாற்றமும் சேர்ந்திருக்கும் சிறு கூட்டத்தாரிடம்தான் ஆபத்து குவிந்திருக்கிறது என்றது. ஆகவே மரபணு அறிக்கையில் இந்த வகை மட்டும் தெரிந்தால் பதறத் தேவையில்லை, எக்கோ எடுத்துப் பார்த்தால் போதும். உறுதியான நோய் உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்கள் ஈசிஜியும் எக்கோவும் ஒருமுறை பார்த்து நிறுத்திவிடக் கூடாது. பெரியவர்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, வளரும் பிள்ளைகள் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

மலையும் அடைப்பும்

தடித்த இடைச் சுவர் ரத்தம் வெளியேறும் பாதையைக் குறுக்கிவிடும். பலமாகச் சுருங்கும்போது இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வின் இதழ் அந்தப் பாதைக்குள் இழுபட்டு மேலும் அடைக்கும். அடைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு 30 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தொட்டால் அடைப்பு உண்டு என்று பொருள், 50-ஐத் தாண்டினால் கடுமையானது. இந்த அடைப்பு குழாய்த் துரு போல நிலையானது அல்ல. நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கீழறையில் ரத்தம் குறைந்தால் கூடும், சுருக்கம் வலுத்தால் கூடும், வெளியே ரத்தக் குழாய்கள் விரிந்தால் கூடும்.

இந்த மூன்றும் மலைக்கு வரும் ஒருவருக்கு ஒரே நாளில் கூடிவர முடியும். மேட்டுப்பாளையம் 330 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். காரில் சில மணி நேரத்தில் வந்துவிடலாம். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதின் முக்கால் பங்குக்குச் சற்றே மேல். ஆக்சிஜன் குறைவதால் அட்ரினலின் ஏறுகிறது, துடிப்பு கூடுகிறது. குளிரில் தாகம் தெரியாது, சிறுநீர் மட்டும் அதிகம் போகும், உடலில் நீர் குறையும். மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டதும் குடலுக்குச் செல்லும் குழாய்கள் விரியும். அந்த நேரத்தில் தொட்டபெட்டாவின் மேட்டில் நடந்தால் தலை சுற்றுவதும் நெஞ்சு அடைப்பதும் இந்த நோயாளிக்கு வியப்பல்ல. வந்த அன்று ஏறாமல் இருப்பது, தாகமில்லாவிட்டாலும் தண்ணீர் குடிப்பது, சாப்பிட்ட உடனே நடக்காமல் இருப்பது, மதுவைத் தவிர்ப்பது, அட்ரினலினைத் தடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை ஒருவேளைகூட விடாமல் இருப்பது ஆகியவை உண்மையிலேயே பலன் தருபவை. தலை சுற்றினால் உட்கார்ந்தோ குந்தியோ, முடிந்தால் படுத்துக் காலை உயர்த்தியோ இருக்க வேண்டும். கீழறைக்கு ரத்தம் திரும்பும், அடைப்பு குறையும்.

மிகவும் கவனிக்க வேண்டியது நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. நெஞ்சு வலி என்றதும் வீட்டிலிருக்கும் பெரியவரின் சார்பிட்ரேட்டைக் கொடுப்பது நம்மிடம் வழக்கம். மாரடைப்பில் பயன்படும் அந்த மருந்து ரத்தக் குழாய்களை விரித்து, கீழறைக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கும். அடைப்புள்ள தசைத் தடிப்பில் இதுவே ஆளை மயங்கி விழச் செய்யும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபினும் இதே திசையில் தீங்கு செய்யக்கூடியது. தானாக நிறுத்தவும் கூடாது, நோய் இருப்பதை மருத்துவரிடம் சொல்லாமல் தொடரவும் கூடாது.

தலைகளை எண்ணும் மருந்துகள்

மாவகாம்டென் நேராக மயோசின் தலையில் போய் ஒட்டி, மடங்கிய நிலையை உறுதிப்படுத்தும் மருந்து. அடைப்புள்ள தசைத் தடிப்புக்கு 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பீட்டா பிளாக்கர் அட்ரினலினைத் தடுத்துச் செய்வதை இது நோயின் இடத்திலேயே செய்கிறது. ஆனால் அளவு மீறினால் தேவையான தலைகளையும் கட்டிவிடும், இதயம் செயலிழக்கும். அதனால் வெளியேற்ற விகிதம் 55 சதவீதத்துக்குக் குறைவாக இருப்பவருக்குத் தொடங்குவதில்லை. தினம் 5 மில்லிகிராமில் தொடங்கி 4, 8, 12-ஆம் வாரங்களில் எக்கோ பார்க்க வேண்டும். 50-க்குக் கீழே இறங்கினால் நிறுத்த வேண்டும்.

அளவு மீறுவதற்குப் பெரும்பாலும் காரணம் கல்லீரல். இந்த மருந்தைச் சிதைக்கும் முக்கிய நொதி சிலருக்குப் பிறவியிலேயே வேலை செய்யாது. அப்படிப்பட்டவர் ஐரோப்பியரைவிட நம்மிடையே அதிகம். சாதாரணமாக 6 முதல் 9 நாட்களில் பாதியாகக் குறையும் மருந்து அவர்களிடம் 23 நாள் வரை தங்கும். வயிற்றெரிச்சலுக்குக் கடையில் வாங்கிப் போடும் ஓமிபிரசோல், பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல் ஆகியவையும் அதே நொதியைத் தடுக்கும். இரண்டும் சீட்டில்லாமலே நம் கடைகளில் கைமாறுபவை என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எதிர்த்திசை மருந்து ஓமெகாம்டிவ் மெகார்பில். பலவீனமான இதயத்தில் அதிகத் தலைகளை அடிக்கு ஆயத்தமாக வைப்பது அதன் வேலை. எட்டாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள். நோய் மோசமாவதும் இறப்பும் சேர்ந்த கணக்கில் 8 சதவீதக் குறைவு கிடைத்தது, இதய இறப்பு மட்டும் தனியே குறையவில்லை. அமெரிக்கா 2023-ல் ஒப்புதல் மறுத்தது. இதன் சிக்கல் மயோசினின் இயல்பிலேயே இருக்கிறது. அதிகத் தலைகள் நீண்ட நேரம் பிடித்தால் சுருக்கம் நீளும், தளரும் நேரம் குறுகும். இதயத் தசை தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் பெறுவது தளரும் நேரத்தில்தான். வலுவைக் கூட்டப் போய் ரத்தத்தைக் குறைத்துவிடும் அபாயம் இது.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. தசைத் தடிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஓய்விலேயே அடைப்பு தெரியும், மூன்றில் ஒருவருக்கு எப்போதும் இராது, மீதி மூன்றில் ஒருவருக்குத் தூண்டினால்தான் தெரியும். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து மேட்டுக்கு ஏறும்போது மட்டும் மூச்சு முட்டும் ஒருவரை ஊரில் படுக்க வைத்து எக்கோ எடுத்தால் அடைப்பு எதுவும் தெரியாமல் போகலாம். எக்கோ எடுப்பவரிடம் எந்த மேட்டில், எத்தனை அடி நடந்ததும், சாப்பிட்டதற்கு எவ்வளவு நேரம் கழித்து மூச்சு முட்டியது என்று சொல்ல வேண்டும். மூச்சை அடக்கி வயிற்றை முக்கியபடி ஒருமுறை, நின்றபடி ஒருமுறை, முடிந்தால் நடந்து வந்த கையோடு ஒருமுறை அழுத்த வேறுபாட்டை அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.